ஒரே வளைவில் நாலு ஜீப்

29-10-74, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. கம்பம்மெட்டுக் கடைத்தெருவில் எதிர்க்கடை பலகைகூடத் தெரியவில்லை. ஏலக்காய் ஈரம் இழுத்துவிடும். மூட்டைகளுக்கு அடியில் பலகை போடச் சொன்னேன்.

வாங்க வேண்டியது: சாக்கு ஊசி, சணல், மண்ணெண்ணெய், வீட்டுக்காரர் காலுக்குத் தைலம், காபித்தூள் (வியாழன் கூட்டம்).

அவர் கால் கட்டோடு கட்டிலில். போன மாதம் மலை இறங்கும்போது வழிப்பறிக்காரன் தருமராசின் கூட்டம் மரத்தை வெட்டி ரோட்டில் போட்டு மறித்து, கடப்பாரையால் அடித்தது. கப்பம் கட்ட மாட்டேன் என்று சொன்ன பாவம். தருமராசு என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ.

இப்போது ஜீப் ஓட்டுவது என் தம்பி பாண்டி. "எனக்கு ஒண்ணும் ஆவாதுக்கா" என்கிறான். இவரும் இதையேதான் சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு அடி நம் வீட்டு ஆள் மேல் விழுந்தால் கடையைப் பூட்டிக்கொண்டு கம்பத்துக்கு இறங்கிவிடுவோம் என்று அவரிடம் தீர்த்துச் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருஷக் கடை. எனக்கு மட்டும் ஆசையா.

31-10-74, வியாழன்

நம் கிடங்கிலேயே கூட்டம். ஏலக்காய் வியாபாரிகள் எல்லாரும், கேரளா எஸ்.ஐ., தமிழ்நாட்டு ஏட்டையா. வீட்டுக்காரர் நாற்காலியில் நான். ஒரே பொம்பளை என்பதால் முதலில் எல்லாரும் கூரையைப் பார்த்துப் பேசினார்கள். காபி வந்ததும் சரியானார்கள்.

சிக்கல் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மலைப்பாதை தமிழ்நாடு, மேலே காடு கேரளா. கூட்டம் பாதையில் அடித்துவிட்டுக் காட்டுக்குள் ஏறிவிடும். தமிழ்நாட்டுப் போலீஸ் செக்போஸ்டோடு நின்றுவிடும். கேரளா போலீஸ், குற்றம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை என்னும். இத்தனை நாளாக இதே பாட்டு.

எஸ்.ஐ. நல்ல மனுஷர், ஒளிக்காமல் சொன்னார்: "வண்டி உண்டு. பெட்ரோள் இல்லா. ஞான் எங்ஙனெ வரும்?" விலை ஏறியதிலிருந்து ஸ்டேஷனுக்குப் பெட்ரோல் அளந்துதான் வருகிறதாம்.

முடிவு: பெட்ரோல் வியாபாரிகள் பொறுப்பு. எஸ்.ஐ.யும் ஏட்டையாவும் ஒரே ஜீப்பில். கேரளா பக்கம் அகப்பட்டால் எஸ்.ஐ. பிடிப்பார், தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் ஏட்டையா. திங்கள் முதல் காலை எட்டு மணிக்கு எல்லா வண்டியும் வரிசையாக, போலீஸ் ஜீப் முன்னால். தனியாக ஒரு வண்டியும் இறங்கக் கூடாது. ராவுத்தர் அல்லா மேல், செட்டியார் முருகன் மேல், வர்கீஸ் சேட்டன் மாதா மேல் சத்தியம். நானும் மாரியம்மன் மேல் செய்தேன்.

சந்தோஷம். ராத்திரி அவருக்குக் கோழிக்குழம்பு.

4-11-74, திங்கள்

முதல் வரிசை. ஒன்பது வண்டி. கடைத்தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. எஸ்.ஐ. தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனார், கல்யாண ஊர்வலம் தோற்றது. எல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள்.

ஆனால் சாக்குகள் கம்மி. ஒன்பது வண்டியிலும் சேர்த்து நாலு வண்டிச் சரக்குதான்.

5-11-74, செவ்வாய்

இன்றைக்கும் கம்மி. எஸ்.ஐ. கேட்டார், ஏலக்காய் விளைச்சல் மோசமா என்று.

இவர்கள் புத்தி எனக்குத் தெரியாதா. எல்லா வண்டியும் ஒன்றாகப் போடிநாயக்கனூர் மண்டியில் போய் நின்றால் விலை விழுந்துவிடும். முதலில் போகிற மூட்டைக்குத்தான் விலை. தீபாவளி நெருக்கம் வேறு. ஆளாளுக்குச் சரக்கைப் பதுக்கி வைத்துக்கொண்டு, விடியலில் தனியாக ஒரு வண்டி இறக்கிவிடப் பார்க்கிறார்கள்.

சாயங்காலம் நாலு பேரைக் கூப்பிட்டு நன்றாகக் கொடுத்தேன். எம் புருசன் கால் கிடக்கிற கிடை தெரியலையா, காசு பெருசா உசிரு பெருசா என்று கேட்டேன். செட்டியார் கண்ணே கலங்கிவிட்டது. ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டே, "நீ சொல்றதுதான் சரி தாயி" என்றார். உள் அறையிலிருந்து இவரும் சத்தமாக ஆமோதித்தார்.

நல்ல பேச்சுத்தான் பேசினேன் என்று எனக்கே பெருமை.

6-11-74, புதன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

விடிந்ததும் கோலம் போட வந்தால் ஜீப் இல்லை. பாண்டி இல்லை. பின்கட்டில் ஒதுக்கி வைத்திருந்த முதல் தர மூட்டைகள் இல்லை. உள்ளே போனேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிற மூச்சு இல்லை அது.

"பாண்டிய எங்க அனுப்புனீங்க?"

"ஒரு வண்டிதானே... முத வெல கெடைக்கும்னு..."

அடிபட்ட மனுஷன், எழுந்து நிற்க முடியாத மனுஷன், கட்டிலில் கிடந்தபடியே என் தம்பியை அனுப்பியிருக்கிறார். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இன்னொரு காலையும் நானே ஒடித்திருப்பேன். நேரமில்லை. செருப்புக்கூடப் போடாமல் செக்போஸ்டுக்கு ஓடினேன்.

எஸ்.ஐ. பல் விளக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் வாயைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். ஏட்டையா சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே ஏறினார். நானும் ஏறினேன். இறங்கச் சொன்னார்கள், இறங்கவில்லை.

வழியெல்லாம் பனி. மாரியம்மா, அவனுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை, இதையேதான் சொல்லிக்கொண்டு போனேன்.

மூன்றாவது வளைவு திரும்பினால் ரோட்டில் மரம். மரத்துக்கு முன்னால் நம் ஜீப். அதற்குப் பின்னால் ராவுத்தர் ஜீப். அதற்குப் பின்னால் செட்டியார் ஜீப். கடைசியில் வர்கீஸ் சேட்டன் ஜீப்.

நாலு பேரும் நாலு பேருக்குத் தெரியாமல் ஒரே விடியலில் இறங்கியிருக்கிறார்கள்.

தருமராசு கூட்டம் தனி வண்டிக்குக் காத்திருந்தது. பாண்டி வண்டியை மறித்து அவனை வெளியே இழுக்கும்போது பனிக்குள்ளிருந்து ஒன்றன் பின் ஒன்றாக மூன்று ஜீப். ஒவ்வொன்றிலும் நாலைந்து சுமை தூக்குகிறவர்கள். மூட்டைக் கொக்கியோடு இறங்கியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது தருமராசு தார்ப்பாய்க் கயிற்றில் கட்டுண்டு கிடந்தான், அவன் மேல் ராவுத்தர் கடைச் சுமையாள் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஐந்து பேர் அகப்பட்டார்கள். இரண்டு பேர் கேரளா காட்டுக்குள் ஏறி ஓட, எஸ்.ஐ. பின்னாலேயே ஓடிப் பிடித்துக்கொண்டு வந்தார். கீழே அகப்பட்டவர்களுக்கு ஏட்டையா விலங்கு, மேலே அகப்பட்டவர்களுக்கு எஸ்.ஐ. விலங்கு. எல்லைச் சண்டை போட யாருக்கும் வழியில்லை.

பாண்டிக்கு உதடு கிழிந்திருந்தது, வேறொன்றும் இல்லை. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். பிறகு கட்டிக்கொண்டு அழுதேன். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எஸ்.ஐ. நாலு முதலாளிகளின் ஆட்களையும் விசாரித்தார், இந்நேரத்தில் எங்கே போகிறீர்கள் என்று. ராவுத்தர் ஆள் டயர் வாங்கவாம். செட்டியார் மகன் பல் டாக்டரைப் பார்க்கவாம். வர்கீஸ் சேட்டன் டிரைவர் கம்பத்தில் சினிமாவாம், காலை ஆறு மணிக்கு. மலை முழுக்க ஏலக்காய் மணம். எஸ்.ஐ. சிரிப்பை அடக்க மீசையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இன்று முழுக்க வீட்டுக்காரரோடு பேசவில்லை. சோறு மட்டும் வைத்தேன்.

8-11-74, வெள்ளி

மறுபடி கூட்டம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ராவுத்தர்தான் ஆரம்பித்தார். "களவாணிப் பயலுகள பிடிச்சாச்சு. இனி நம்மளப் பிடிக்க வழி சொல்லுங்க."

கிடங்கே சிரித்தது. அதற்குப் பிறகு பேச்சு எளிதாக நடந்தது. இனி கடைசி வண்டி மண்டிக்குள் வந்து நிற்கிறவரை ஒரு மூட்டைகூட அவிழ்க்கக் கூடாது. யார் மூட்டை முதலில் அவிழ்ப்பது என்று அன்றன்றைக்குச் சீட்டுக் குலுக்கல். செக்போஸ்டில், எஸ்.ஐ. தொப்பியில். மண்டிக்காரர்களிடமும் ஏட்டையா சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார். முந்திப் போய் லாபமில்லை என்றால் எவன் முந்துவான்? தருமராசு கூட்டத்தில் அன்றைக்கு வராத ஆட்கள் இன்னும் வெளியே இருப்பதால் வரிசையும் பெட்ரோலும் தொடரும்.

அவர் கட்டிலிலிருந்து கூப்பிட்டார். போனேன். "கடையப் பூட்டிருவமா?" என்று கேட்டார். நான் சொன்னபடி ஒரு அடி விழுந்துவிட்டது, உதடு கிழிந்துவிட்டது. கணக்குப்படி பூட்டத்தான் வேண்டும்.

பாண்டி சொன்னான், "மச்சான், நாளைக்கும் நாந்தான் போவேன். எட்டு மணிக்கு."

பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

11-11-74, திங்கள்

வரிசையில் ஒன்பது வண்டி, ஒன்பதிலும் முழுச் சரக்கு. குலுக்கலில் முதல் சீட்டு செட்டியாருக்கு. நமக்குக் கடைசி. வயிற்றெரிச்சல். எஸ்.ஐ. தொப்பியைத் துவைத்தால் நல்லது, சீட்டில் எண்ணெய்ப் பிசுக்கு.

பாண்டி ஏறி வருகிறவரை ஒரு வேலையும் ஓடவில்லை. பருப்பு அடிப்பிடித்தது.

18-11-74, திங்கள்

தூறல். தீபாவளி அதிரசம் மிச்சம் பூசணம் பிடித்துவிட்டது. கிடங்குக் கூரையில் ஒழுகல், ஓடு மாற்ற ஆள் சொல்ல வேண்டும். ஏட்டையா மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை வந்தது. வீட்டுக்காரர் கம்பை ஊன்றிக் கிடங்கு வரை நடந்தார், நடந்ததும் சுமையாட்களை அதட்ட ஆரம்பித்துவிட்டார்.

மத்தியானம் முழுக்க ராவுத்தர் சம்சாரத்தோடு சேலைக்காரனிடம் பேரம். வீட்டுக்கு வந்து, இன்னொரு கரண்டி ரசம் கேட்ட பாண்டிக்கு ஊற்றும்போதுதான் உறைத்தது: இவன் இன்றைக்கு மலை இறங்கி ஏறி வந்திருக்கிறான், நான் நினைக்கவே இல்லை.