உறையில்லாத குழாய்

மார்ச் 3, 2025, திங்கள்

பாலக்காட்டு வெயிலுக்குத் தப்பி மலையேறியதாக நினைத்தேன். குமுளிப் பக்கம் ஒரு தேயிலை பாக்டரி. எரிபொருள் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்து அறிக்கை தருவது எங்கள் கம்பெனியின் தொழில். அளந்து பார்க்க வந்திருப்பவள் நான். வாசலில் ‘பசுமைத் தொழிற்சாலை’ என்று பெரிய பலகை. கூரையில் மூன்று சோலார் தகடுகள். எதற்கு என்று கேட்டேன். அந்தப் பலகைக்கு விளக்குப் போடவாம்!

மேனேஜர் ஜின்சனின் மேசையில் டீ கெட்டிலுக்குப் பூப்போட்ட கம்பளி உறை. இலை உலர்த்தும் அறையிலோ, விறகடுப்பிலிருந்து சூட்டுக் காற்றைக் கொண்டுவரும் முப்பதடிக் குழாய்க்குக் கோவணம்கூட இல்லை.

மார்ச் 4

குழாயின் மேல்தகடு 92 டிகிரி. அறை 41. தினமும் நூறு கிலோ விறகு, இலைக்குப் போகாமல் அறையைச் சூடாக்கவே எரிகிறது. அந்த அறையில் நாள் முழுக்க நிற்பவர் ராமுத்தாய், உலர்த்தும் இயந்திரத்தில் இலை தள்ளுகிறவர். நான் வெப்பமானி வைப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

“அதுக்கு மெசினு எதுக்கும்மா? என் கையப் பாருங்க. இது போன மழைக்கு. இது பொங்கலுக்கு. இது முந்தாநேத்து.”

மூன்றாவதில் இன்னும் நீர் கோத்திருந்தது.

அறிக்கையில் இந்தச் சூட்டுக் காயங்களைத் தனிப் பத்தியாகவே எழுதிவிட்டேன். குழாயில் சூடு வெளியேறாமல் தடுக்கும் கண்ணாடிக் கம்பளி சுற்றினால் விறகும் மிஞ்சும், கையும் மிஞ்சும்.

மார்ச் 7

ஜின்சன் மிக மரியாதையாகச் சொன்னார்: “மேடம், கை பொள்ளினதெல்லாம் ரிப்போர்ட்ல வேண்டா. இருபதாந்தேதி பசுமை அவார்டு கமிட்டி வருது.”

போனில் என் மேலதிகாரி நௌஃபல் சார்: “இர்ஃபானா, நம்ம பார்க்கிறது வெப்பத்தை. கையை இல்ல. அந்தப் பாராவை எடுத்துடு.”

வெப்பம் வேறு, கை வேறாம். எந்தக் காலேஜில் படித்தாரோ?

எடுத்துட்டேன். ஆமா, நான்தான் எடுத்தேன். குழாயையும் நாற்பத்தோராம் பக்கத்துக்கு, ‘பிற்காலத்தில் பரிசீலிக்கலாம்’ வரிசைக்குத் தள்ளினேன். வேலை நிரந்தரமாகி இரண்டு மாதம்தான் ஆகிறது — இதைக் காரணமாக எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 13

அறிக்கை பிரமாதம் என்று ஜின்சன் மெயில் அனுப்பியிருக்கிறார். அதன் லட்சணம் தெரிய இது போதும்.

மார்ச் 20

கமிட்டி வந்தது. என்னையும் நௌஃபல் சாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். குழாயை மறைத்து நீளமாக ஒரு ஃப்ளெக்ஸ்: ‘வெப்பத்தைச் சேமிப்போம்’. ஜின்சன் பேசிக்கொண்டிருக்கும்போதே அது இளகி, சுருண்டு, நாறத் தொடங்கியது. எல்லாரும் நாசூக்காக இருமினார்கள்.

கமிட்டியில் வந்த அம்மையார் ஃப்ளெக்ஸை விலக்கினார். குழாயைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற ராமுத்தாயின் கையைப் பார்த்தார். “இந்தக் காயம் ஆடிட்ல எங்கயும் இல்லையே?”

ஜின்சன் என்னைப் பார்த்தார். நௌஃபல் சார் தன் ஷூவைப் பார்த்தார். ராமுத்தாய் சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டார் — தப்பு அவர் செய்ததுபோல. அதைத்தான் தாங்க முடியல.

“எழுதியிருந்தேன் மேடம். எடுக்கச் சொன்னாங்க. எடுத்துட்டேன்.”

 

மார்ச் 21

பாலக்காடு வரை காரில் ஒரு வார்த்தை பேசாத நௌஃபல் சார், இன்று காலை மெயிலில் பேசிவிட்டார். வேலை போயிற்று. வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் கெடுத்தேனாம். ராமுத்தாய் வாடிக்கையாளர் இல்லையே.

ஏப்ரல் 16

அவார்டு அவர்களுக்குத்தான். ஒரே நிபந்தனை, ஒரு மாதத்துக்குள் குழாய்க்கு உறை போட வேண்டும் என்றிருந்தார்களாம். பேப்பரில் ஜின்சன் புது உறையின்மேல் கைவைத்துச் சிரிக்கிறார். அவருடைய சொந்த யோசனையாம்.

மத்தியானம் ராமுத்தாய் போன் செய்தார். பாக்டரி ஆபீஸில் என் நம்பர் கேட்டு வாங்கினாராம்.

“சுத்திட்டாங்கம்மா. மொதல்ல பயந்து பயந்துதான் தொட்டேன். இப்ப டீ நேரத்துல சாஞ்சே நிக்கேன், முதுகுக்கு எதமா இருக்கு. நீங்க இப்ப எந்த பாக்டரில இருக்கீய?”

“லீவுல இருக்கேன்” என்றேன்.