வருத்தம் இல்லாமல் டொக்டரிடம் போனேன்

என் உயிரான காக்காவுக்கு,

மண்ணுக்குள் இருக்கும் அண்ணனுக்குக் கடிதம் எழுதுகிறவன் பைத்தியக்காரன் என்று என் மனைவி சபியா சொல்கிறாள். அவளுக்கு நான் கல்யாணம் முடித்த நாளிலிருந்தே பைத்தியக்காரன்தான், அதில் புதிதாக ஒன்றுமில்லை. புதுச் செய்தி வேறு. உடம்பில் நோய், வருத்தம் ஒன்றும் இல்லாமல் நான் டொக்டரிடம் போய்வந்தேன்.

நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "வேலியில போன ஓணானைப் புடிச்சு மடியில விடுறியா?" என்று நெசவு செய்யும் தறிக்குழிக்குள் இருந்தபடியே கேட்பீர்கள். அந்தக் குழிக்குள் மிதிபலகை உரசிக் காலில் வந்த புண்தானே உங்களைக் கொண்டுபோனது? அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தோம். மதினி பச்சிலை அரைத்துப் பத்துப் போட்டுப் பார்த்தார். ஊர் கண்ணூறு என்றது. புண் ஆறவே இல்லை.

அந்த நாட்களில் நீங்கள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தீர்கள். நாங்கள் சிரித்தோம். நீங்கள் போனபிறகு எனக்குக் கொஞ்சம் தாகம் எடுத்தாலும் பயம் வந்துவிடும். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் அல்லவா? அந்தப் பயம்தான் என்னைக் காத்தான்குடியிலிருந்து வண்டி ஏற்றி, மட்டக்களப்பு நகரத்து டொக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

"என்ன வருத்தம்?" என்று கேட்டார்.

"ஒண்டும் இல்ல ஐயா. காக்கா போனமாதிரி நானும் போயிடக் கூடா. உடம்பை முழுக்கப் பாருங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல வெறுவயித்தோட வாங்க" என்றார்.

எனக்கு நல்ல சந்தோஷம். நோன்பு மாதம், பகலெல்லாம் வெறும் வயிறுதானே. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்குச் சபியா சோறும், அதற்கு மேலே எருமைத் தயிரும் இனிப்புப் பாணியும் வைத்தாள். வயிறு முட்டத் தின்று, நோன்புக்கு நிய்யத்து வைத்து, விடிந்ததும் புறப்பட்டேன்.

முழுக்கப் பார்ப்பது என்றால் எப்படி என்று கேட்பீர்கள். முதலில் நெல்லு மூட்டையைப் போல என்னைத் தராசில் ஏற்றினார். நாக்கு, பல், கண்ணின் கீழ் இமை எல்லாம் பார்த்தார். நெஞ்சில் குழலை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார், முதுகில் விரலால் தட்டினார். கையில் ஒரு துணிப்பட்டியைச் சுற்றிக் காற்றடித்து இறுக்கினார், இரத்தம் எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்று பார்க்கவாம். மலேரியாக் காய்ச்சலால் வரும் கட்டி இருக்கிறதா என்று வயிற்றை அமுக்கினார். எங்கும் வலிக்கவில்லை காக்கா, கூச்சம் மட்டும்தான். பிறகு கால்விரல் இடுக்குகளைக்கூட விரித்துப் பார்த்தார். அப்போது உங்கள் காலை நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் போத்தலில் சலம் பெய்து தரச் சொன்னார். நீலநிற மருந்தில் அதைச் சில துளிகள் விட்டு விளக்கில் சூடுகாட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. "சீனி கிடக்கு" என்றார்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"நோன்பு ஐயா. வெறும் வயிறு."

"அப்ப சஹருக்கு?"

சொன்னேன். பாணி என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ராவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒண்டும் தின்னாம மறுகா ஒருக்கா வாங்க" என்றார்.

அடுத்த நாள் சஹர் இல்லாமலே நோன்பு பிடித்துக்கொண்டு போனேன். மருந்து நீலமாகவே நின்றது. அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் பாணி செய்த வேலை என்று எழுந்துவிட்டேன்.

"இருங்க" என்றார் டொக்டர். "சுகமான உடம்புக்குச் சட்டிப் பாணி போனாலும் சலத்துல இப்பிடிச் சீனி வராது. நேற்று நீங்க நான் சொன்னமாதிரி வந்திருந்தா, ஒண்டும் இல்ல எண்டு அனுப்பியிருப்பன். நீங்க பிழையா வந்ததாலதான் இந்தச் சீனி வருத்தம் புடிபட்டுது."

இப்போதுதான் தொடங்குகிறதாம். சோற்றைக் குறைத்து, இனிப்பை விட்டு, நன்றாக நடந்து, காலில் புண் வராமல் பார்த்துக்கொண்டால் கனகாலம் இருக்கலாமாம். உங்கள் தாகத்தையும் புண்ணையும் பற்றிக் கேட்டறிந்தார். "அவருக்கும் இதுதான்" என்றார். உங்களைக் கொண்டுபோனது எது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது காக்கா. வண்டியில் வரும் வழியெல்லாம் அழுதேன்.

நேற்று மதினியிடம் போய், புண் கெட்டது அவர் போட்ட பத்தால் இல்லை என்று சொன்னேன். "அவர் நல்லா இருக்கக்குள்ளயே டொக்டர் ஒருக்காப் பாத்திருந்தா?" என்று மதினி கேட்டார். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் காக்கா.

பெருநாள் முடிந்ததும் நம் தங்கச்சியை டொக்டரிடம் கூட்டிப்போகப் போகிறேன். "எனக்கென்ன வருத்தம்?" என்று உங்களைப் போலவே கேட்கிறாள். கேட்கட்டும், அவளை வண்டியில் ஏற்றாமல் விடமாட்டேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்களைப் பார்க்க எனக்கும் ஆசைதான் காக்கா. ஆனால் நான் நன்றாகச் சுணங்கி, பிந்தித்தான் வருவேன், கோபிக்காதீர்கள்.

உங்களுக்கு அடுத்துப் பிறந்த தம்பி,
இபுறாகீம்