மலை தூங்குகிறது என்று சொன்ன அண்ணிக்கு

என் அண்ணி, என் பொன்னான அண்ணி,

நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. மண் சரிந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருந்த ஆறு குடும்பமும் இன்னும் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில்தான் இருக்கிறோம். நடுவில் சேலைகளைக் கட்டி அறைகளாகப் பிரித்திருக்கிறோம். அண்ணன் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார். வைக்காவிட்டால் கேட்பதில்லை.

உங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார்கள். பொம்மையை எடுக்கத் திரும்பி ஓடி உயிரை விட்டவர் என்று எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு எங்கெங்கோ இருந்து ஆட்கள் அழுகிறார்கள். அது பொய், அண்ணி. பொய் என்று தெரிந்தும் வாய் மூடி நின்றவள் நான். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நம் நிகழ்ச்சியைப் பார்க்காதவர்களுக்கு அதை எப்படிச் சொல்வேன்? நீங்கள் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தீர்கள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளை அங்கே பார்த்துக்கொண்டீர்கள். பாதிப் பிள்ளைகளின் தாய்மார் குவைத்திலும் சவுதியிலும் இருந்தார்கள். ராத்திரியில் அந்தப் பிள்ளைகள் தூங்க மாட்டேன் என்று அழுவதாக வீடுகளில் சொன்னார்கள். ஒருநாள் கிழிந்த கம்பளியை வெட்டி ஒரு பொம்மை தைத்தீர்கள். சட்டைப் பொத்தான்தான் கண். அதைக் கையில் மாட்டிக்கொண்டு, "நான்தான் கம்பளிக்குட்டி. கண்ணு சொக்குதா?" என்று கேட்டீர்கள். நான் போனில் படம் பிடித்து இணையத்தில் போட்டேன். அந்தக் கேள்வியே நிகழ்ச்சிக்குப் பெயராகிவிட்டது.

முதல் விருந்தாளி தலவாக்கலை பஸ் கண்டக்டர். பிறகு பெரிய ஆட்களே தேடி வந்தார்கள். யார் வந்தாலும் கம்பளிக்குட்டி கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: "தூங்கப் போறப்ப ஒங்களுக்கு எதுக்குங்க பயம்?"

டீவியில் செய்தி வாசிப்பவர் வந்தாரே, நானுஓயாப் பக்கத்துப் பிள்ளை. எவ்வளவு பெரிய சாவுச் செய்தியையும் குரல் நடுங்காமல் வாசிப்பவர். "எனக்கு இருட்டுன்னா பயங்க. லைட்ட அணைக்காமதான் தூங்குவேன்" என்றார். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். கிரிக்கெட் விளையாடும் அந்தச் சிங்களத் தம்பி வந்தபோது நீங்கள் பாதிச் சிங்களம் பாதித் தமிழில் கேட்டீர்கள். அவர் பல்லிக்குப் பயம் என்றார். நீங்கள் சிரித்த சிரிப்பில் பொம்மை கையிலிருந்து கழன்று விழுந்தது. அதை நான் வெட்டவேயில்லை, அப்படியே போட்டேன்.

அப்புறம் அந்த நடிகை வந்த நாள். வெளியே மழை. ஏழு வயது தர்ஷினி எழுந்து நின்று, யாரும் சொல்லாமலே கேட்டாள்.

"கம்பளிக்குட்டி, மல இடிஞ்சு நம்ம மேல விழுமா?"

நடிகை உங்களைப் பார்த்தார். நீங்கள் பொம்மையைத் தர்ஷினியின் பக்கம் திருப்பினீர்கள். பிறகு கம்பளிக்குட்டி சொன்னது: "மல எம்புட்டுப் பெருசு! நம்மளயெல்லாம் சொமந்து சொமந்து அதுக்கும் அசதியா இருக்கும்ல? அது தூங்குதும்மா. நீயும் தூங்கு."

அதைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். தூங்காத பிள்ளைக்கு அதைப் போட்டுக் காட்டினால் தூங்கிவிடுகிறது என்று குவைத்திலிருந்து தாய்மார் எழுதினார்கள். ஆனால் நான் போனை அணைத்ததும் நீங்கள் சொன்னது யாருக்கும் தெரியாது.

"பொய் சொல்லிட்டேன், சரசு. வேற என்னத்த சொல்லச் சொல்ற?"

லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருந்ததை முதலில் பார்த்ததே நீங்கள்தானே. தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையாவைக் கூட்டிவந்து வெடிப்பைக் காட்டினீர்கள். "மேல எழுதிப் போடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதினாரோ இல்லையோ, யாரும் வந்து பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மழை தொடங்கி நான்காவது நாள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். லயத்து வடிகால் கானில் ஓடிய தண்ணீர் திடீரென்று சேறாக மாறியது. நீங்கள் ஒவ்வொரு கதவாக அடித்தீர்கள். "வெளிய வாங்க! சட்டிபானைய விடுங்க, புள்ளைகளத் தூக்குங்க!" எல்லோரும் கீழே கோயிலுக்கு ஓடினோம். எல்லோரும் வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

நான்தான் சொன்னேன், அண்ணி. என் வாய்தான் சொன்னது. "அண்ணி, அந்தப் புள்ளையக் காணோம்! நீங்க மத்தியானம் தூங்க வச்ச புள்ள!" பிள்ளையின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அதற்கு நாலு வயது. நாளைக்கு வளர்ந்து இதைப் படிக்கக்கூடும். அதன் மேல் ஒரு துளிப் பழியும் இல்லை.

நீங்கள் உடனே மேலே ஓடினீர்கள். உங்கள் தலை திருப்பத்தில் மறைவதற்குள் பின்னாலிருந்து பிள்ளையின் சித்தி சொன்னாள்: "இந்தா இருக்காளேக்கா." அவளுடைய சேலைக்குள் பிள்ளை தூக்கம் கலையாமல் கிடந்தது.

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். மழையில் உங்களுக்குக் கேட்கவில்லை. பின்னாலேயே ஓடியிருக்கலாம் அல்லவா? நான் ஓடவில்லை. பிறகு அந்தச் சத்தம் வந்தது.

மறுநாள் ஒரு நிருபர் வந்து, ஏன் திரும்பிப் போனார் என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட்டத்தில் யாரோ, "அந்தப் பொம்மைன்னா அவுங்களுக்கு உசுரு, அத எடுக்கத்தான் போயிருப்பாங்க" என்றார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். கம்பளிக்குட்டி என் பையில் இருந்தது. கழன்ற பொத்தானைத் தைக்கச் சொல்லி நீங்கள்தான் தந்திருந்தீர்கள். நானும் வாய் திறக்கவில்லை, பிள்ளையின் சித்தியும் திறக்கவில்லை. கொஞ்ச நேரம்தான் பேசாமல் இருந்தேன். அதற்குள் அது உண்மையாகிவிட்டது.

போன மாதம் அந்தச் செய்தி வாசிப்பவர் வந்தார். உங்கள் நினைவாக ஒரு நிகழ்ச்சி செய்வோம் என்றார். பிள்ளைகளை உட்கார வைத்தோம். பொம்மையை நான் கையில் மாட்டினேன். "கம்பளிக்குட்டி, சுகமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். வந்த குரல் உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. அப்போது தர்ஷினி எழுந்தாள்.

"மல முழிச்சிருச்சா?"

சாவுச் செய்தி வாசிப்பவர் முகத்தை மூடிக்கொண்டு, "நிப்பாட்டுங்க" என்றார். நான் பொம்மையைக் கழற்றினேன். அதற்குப் பிறகு மாட்டவில்லை. தர்ஷினிக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. அவள் சரியாகத் தூங்குவதுமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். எழுந்து அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"போறப்ப திரும்பிப் பாத்தாளா?"

"இல்லண்ணே."

அவ்வளவுதான். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. நான் வைக்கும் தட்டையும் தொடுவதில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் கொடுக்கிறார். அண்ணன் என்னை மன்னிப்பாரா என்று உங்களிடம் கேட்க வந்தேன். நீங்கள் மன்னித்தீர்களா என்று கேட்கத் தைரியம் இல்லை.

இன்னொரு செய்தி. சரியாத பாதி லயத்துக்கு நாங்கள் திரும்பிப் போகலாமாம். சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள். தோட்ட நிர்வாகத்திலிருந்து சம்மதக் கடுதாசி ஒன்று வந்தது. மூன்று வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எத்தனை நாளைக்குத்தான் சேலைக்குப் பின்னால் குடித்தனம் நடத்துவது? அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. கண்டாக்கையா என்னிடம், "நீ போட்டா மத்தவங்களும் போடுவாங்க சரஸ்வதி, பயப்படாத" என்றார். கடுதாசியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். இதனால் என்ன நின்றுவிடப் போகிறது என்று தெரியவில்லை. ஒன்றும் நிற்காது என்றுதான் தோன்றுகிறது.

ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணி. அந்த மூன்று வீட்டுப் பிள்ளைகளும் அங்கே போனால், மழை வரும் ஒவ்வொரு நாளும் நான் போய் அவர்களைக் கீழே கூட்டி வருவேன். கதவு கதவாக அடிப்பேன். யாராவது வந்து சேரவில்லை என்றால், வாயால் சொல்லிவிட்டு நிற்க மாட்டேன். நானே ஓடுவேன்.

உங்களைக் கூப்பிட்ட வாயோடு உயிரோடிருக்கும்,
உங்கள் நாத்தனார்
சரசு