கையெழுத்துக்கு ஒரு கோடு

மார்ச் 4, செவ்வாய்

மதியம் அக்கா அச்சகத்துக்கே வந்துவிட்டாள். டைப் செய்துகொண்டிருந்த ரசீதுப் புத்தகத்தை அப்படியே விட்டு எழுந்தேன்.

"நாள் தள்ளிப் போச்சுடி. எட்டு வாரம் இருக்கும். வேணாம்னு இருக்கேன். திட்டாத."

அவள் சின்னவனுக்கு இன்னும் பத்து மாதம்கூட ஆகவில்லை. நான் ஏன் திட்டப்போகிறேன்? அவளைத் திட்ட ஒரு குடும்பமே வரிசையில் நிற்கிறது.

மார்ச் 5

அவள் பையில் ஒரு கருக்கலைப்பு மாத்திரை அட்டை. மருந்துக்கடைக்காரர் தாளில் சுருட்டிக் கொடுத்தாராம். "முழுங்கிடும்மா, சரியாயிடும்." எத்தனை வாரம் என்று கேட்கவில்லை. கரு குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லவில்லை. தலைவலி மாத்திரையா இது? பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா நாலு கேள்வி கேப்பாங்கடி."

"கேக்கட்டும்க்கா. கேக்காம குடுத்தானே, அவன்தான் பயம்."

மார்ச் 7, வெள்ளி

ஸ்கேனில் எல்லாம் சரி. கரு கருப்பையில்தான் இருக்கிறது. நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினார். கடைசி வரி: கணவர் கையொப்பம்.

"அவரு சட்டை எடுக்கவே அவங்கம்மாவக் கேப்பாரு. இதுக்கா போடுவாரு?" என்றாள் அக்கா.

நர்ஸ் சிரித்துவிட்டார். பிறகு, "ஃபாரத்துல இருக்கே, நான் என்ன பண்றது? வீட்டுக்காரரோட வாங்க." டாக்டரம்மா திங்கட்கிழமைதான் வருவார்.

பஸ்ஸில் தாளை விரித்துப் பார்த்தேன். அடியில், பொடி எழுத்தில் எங்கள் அச்சகத்தின் பெயர்.

மார்ச் 8

நான்தான். நானேதான்.

போன வருடம் டாக்டரம்மா கையால் எழுதித் தந்த தாள் இன்னும் கோப்பில் இருக்கிறது. பெயர், வயது, எத்தனை வாரம், பெண்ணின் கையொப்பம். அவ்வளவுதான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வேறொரு ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் படிவத்தைத் திறந்து, மேலே மட்டும் மாற்றினேன். அடி வரி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சரிபார்க்க மெய்ப்பு போனது, நர்ஸ் படிக்காமலே சரி என்று எழுதி அனுப்பினார். ஆயிரம் தாள்.

ஊரிலுள்ள மாமியார்களை எல்லாம் கரித்துக்கொட்டிக்கொண்டு திரிந்தேனே — நான் யார்?

மார்ச் 9

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

அக்காவையும் வைத்துக்கொண்டே டாக்டரம்மாவிடம் சொன்னேன். இரண்டு தாளையும் மேஜையில் வைத்தேன்.

"பதினெட்டு வயசு முடிஞ்சவங்களுக்கு அவங்க கையெழுத்து போதும். நம்ம சட்டம் அதான்" என்றார்.

"அச்சுல இருக்கே, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் டாக்டர்" என்றார் நர்ஸ்.

"நானும்தான் பாக்கல" என்றார் டாக்டரம்மா.

நர்ஸின் நோட்டில் பதினொரு பெயருக்கு எதிரே 'கணவருடன் வரவும்'. போன் பண்ணிக் கூப்பிடலாமே என்றேன். டாக்டரம்மா வேண்டாம் என்று தலையசைத்தார். "அந்தப் பக்கம் யார் எடுப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

அக்கா கையெழுத்துப் போட்டாள். மாத்திரை எப்போது, எப்படி என்று நிதானமாகச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேட் என்று தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே வர வேண்டும்.

வீட்டு வாசலில் அக்கா, "என்கிட்ட மன்னிப்புக் கேக்காத. எனக்கு வேலை நடந்துடுச்சு. அந்தப் பதினோரு பேரக் கேளு."

மார்ச் 12

வயிற்றுவலி, ரத்தப்போக்கு. சொன்ன அளவுக்குள்தான். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பரீட்சை ஹால்ல நிக்கிற டீச்சர் மாதிரி மொறைக்காதடி. டீ போடு."

மார்ச் 26

மறுபரிசோதனை. அக்கா நலம்.

புதுப் படிவக் கட்டை நானே சுமந்து போனேன். மெய்ப்பை நான் மூன்று முறை படித்தேன். நர்ஸ் விரல் வைத்துப் படித்தார்.

பெஞ்சில் ஒரு பெண், அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. கையில் எட்டாக மடித்த பழைய தாள். கணவர் இடத்தில் கையெழுத்து இருந்தது. "தம்பியப் போடச் சொன்னேன்" என்றாள் மெல்ல. வாரம் கூடிப்போய்விட்டது. இனி வீட்டில் மாத்திரை போதாது, பெரிய ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். சட்டத்தில் இன்னும் இடம் இருக்கிறதாம்.

நர்ஸ் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். கட்டைப் பிரித்து முதல் படிவத்தை நான் நீட்டினேன்.

"எங்க போடணும்?"

காட்டினேன். ஒரே ஒரு கோடுதான் இருந்தது.