ஆடிக்கு விதை இல்லை

கோயமுத்தூர்,
14.2.1946

அன்புள்ள பேச்சித்தாய் அக்காவுக்கு,

நீ அனுப்பிய அவரை வேரை நான் வேலை பார்க்கும் விவசாயப் பண்ணையின் ஆபீசர் நேற்று பூதக்கண்ணாடியில் பார்த்தார். மண்ணுக்குள் வாழும் பூஞ்சாணம்தான் செடியை வாட்டுகிறது என்று உறுதியாகச் சொன்னார். மருந்து கிடையாது. அதே மண்ணில் வாடாத செடியைத் தேடுவதே வழி. கீழ மூலையில் ஏழு செடி நிற்பதாக எழுதியிருந்தாயே, ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனியாக முடிந்து அனுப்பு. ஒரு சாக்கு வயல் மண்ணும் வேண்டும்.

முத்துக்குளிக்கும் சலாபம் பார்க்கத் தூத்துக்குடிக்கு வண்டி கட்டிப் போனது நினைவிருக்கிறதா? ஊரே முத்துச்சிப்பி ஏலத்தைப் பார்த்து நிற்க, நாம் உன் மடியிலிருந்த அவித்த அவரையைத் தின்று தீர்த்தோம். அந்த ருசி இங்கே எந்த அவரையிலும் இல்லை.

தம்பி,
நல்லக்கண்ணு

கொற்கை,
3.3.1946

அன்புத் தம்பிக்கு,

விதையும் மண்ணும் ரயிலில் ஏற்றியாயிற்று. உன் கடிதம் வருமுன்பே, வண்டு விழாமலிருக்க அம்மா செய்வதுபோல விதைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்துவிட்டேன். ஏழு செடி விதையும் ஒரே சட்டியில் கலந்துவிட்டன. கோபப்படாதே.

"ஏளா, மூணு வருசமா வெதச்சதெல்லாம் கருகுது. குத்தகைய விட்டுட்டு ஹார்பர்ல மூட்ட சொமக்கப் போறேன்" என்கிறார் உன் அத்தான். கெஞ்சிய பிறகு, "ஆடி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல ஒந் தம்பியோட தொரையே வந்து சொன்னாலும் கேக்க மாட்டேன்" என்றார்.

இருபது வருஷம் நான் களையெடுத்த வயல், தம்பி. நல்ல செய்தி எழுது.

அக்கா,
பேச்சித்தாய்

கோயமுத்தூர்,
20.6.1946

அன்புள்ள அக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமை நானே எண்ணினேன். உன் மண்ணில் விதைத்தவை நாற்பது. வாடாமல் நிற்பவை பதினொன்று. எந்தத் தாய்ச்செடியின் விதை என்று தெரிந்திருந்தால், அதன் மிச்ச விதையை ஆபீசரிடம் கேட்டு வாங்கி ஆடி விதைப்புக்கே அனுப்பியிருப்பேன். தனியாக எடுத்துவைக்கச் சொல்லி நான்தான் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

இனி இந்தப் பதினொன்றும் தையில் காய்த்து, அந்த விதையும் அதே மண்ணில் நின்று காட்ட வேண்டும். முடிவு சித்திரையில். ஆடிக்கு விதை இல்லை, அக்கா. இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று.

நல்லக்கண்ணு

கொற்கை,
2.7.1946

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒரு பொய் எழுதியிருந்தாம்னா இங்கனயே கெடந்திருப்போம். எழுதாம இருந்தானே, நல்லவந்தான்" என்றார். மறுநாள் குத்தகையை விட்டுவிட்டோம். வெள்ளிக்கிழமை தூத்துக்குடி மில்லர்புரத்துக்குக் குடிபோகிறோம்.

வயலைச் சுடலைமாடன் அண்ணாச்சி எடுத்திருக்கிறார். விதை வரப்போவதைச் சொன்னேன். "ஒந் தம்பி எனக்கு எதுக்குத்தா அனுப்புதான்?" என்று நம்பாமல் கேட்டார். "ஒங்களுக்கு இல்ல அண்ணாச்சி, வயலுக்கு" என்றேன்.

சித்திரையில் முடிவு நல்லதாக வந்தால் அவர் பெயருக்கே அனுப்பு.

அக்கா,
பேச்சித்தாய்