அழித்த பதினொரு விடைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஃபோனில் சொல்லியிருக்கலாம். நீ திட்ட ஆரம்பித்ததும் நான் பாதியில் வைத்துவிடுவேன். கடிதம் என்றால் முழுவதும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உன் மருமகள், என் மகள், சட்டக் கல்லூரிக்குப் போவதை நிறுத்தி ஒன்பது நாளாகிறது. வகுப்பில் வழக்காடிப் பழகும் பயிற்சியாம். எழுந்து நின்றவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. நாற்பது பேர் பார்க்க, கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து படுத்தவள்தான். அவள் அம்மா தட்டை உள்ளே கொண்டுபோய் வைக்கிறாள், அப்படியே திரும்ப எடுத்து வருகிறாள். முந்தாநாள் அவள் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். ஏம்ப்பா என்று கேட்டாள். துருப்பிடித்துவிட்டது என்றேன்.

நீ உன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கேள்வித்தாளைப் போன வருடம் இவளுக்கும் அனுப்பினாயே, தன் மனதைத் தானே தெரிந்துகொண்டு படிப்பைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று. அறுபது கேள்விக்கும் பென்சிலால் குறித்தாள். பிறகு அதன் மேல் பேனாவால் குறித்து அனுப்பச் சொல்லியிருந்தாய். பரீட்சை நேரம். நீயே போட்டுடுப்பா என்று என்னிடம் தந்துவிட்டாள்.

அக்கா, நான் பதினொரு விடைகளை அழித்து மாற்றிக் குறித்தேன்.

தனியாக வேலை செய்யப் பிடிக்கும் என்று குறித்திருந்தாள். கையில் அழுக்குப் பட்டால் பரவாயில்லை, பழுதான பொருளைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாது, நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் பயம். படிக்கப் படிக்க எனக்குத் திக்கென்றது. அப்படியே நான். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் குழிக்குள் கிரீஸோடு கிடக்கிறவன். என் முதுகு வலி எனக்குத்தான் தெரியும். இவளாவது நாலு பேர் மதிக்கப் பேசி வாழட்டும் என்று நினைத்தேன். சின்னப் பெண்ணுக்குத் தன்னைப் பற்றி என்ன தெரியும் என்றும் நினைத்தேன். இப்போது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன்.

வக்கீல் வேலை பொருந்தும் என்று நீ முடிவு அனுப்பினாய். இவ்வளவு தைரியம் எனக்குள்ள இருக்குன்னு எனக்கே தெரியலையேப்பா என்று சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

இன்று அவள் சொல்வது ஒன்றுதான். பேப்பர் சரியாத்தான் சொல்லுச்சு, நான்தான் சரியில்ல, நான் எதுக்குமே லாயக்கில்ல என்கிறாள்.

நேற்று கட்டிலருகே உட்கார்ந்து, நான் அழித்து மாற்றியதை ஒன்றுவிடாமல் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்காகப் பொய் சொல்லாதப்பா என்றாள். எதைக் குறித்தோம் என்று அவளுக்கே நினைவில்லை. ஊசி போட்டால் வலிக்காது என்று சொல்லியே வளர்த்தவன் நான். என்னை எப்படி நம்புவாள்?

அந்தத் தாள் உன் அலமாரியில் இருக்கும். பழைய பஸ் டிக்கெட்டைக்கூட எறியாதவள் நீ. அசல் தாளையே அனுப்பு அக்கா, நகல் வேண்டாம். அவளுக்கு அழுத்தி எழுதும் கை. நோட்டில் எழுதினால் அடுத்த பக்கம் வரை பள்ளம் விழும். என் ரப்பர் அதை எடுத்திருக்காது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அவள் குறித்தது அவளுக்கே தெரியும். என்னைத் திட்டி நாலு வரியும் எழுதி வை. நீ திட்டினால் நம்புவாள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதே.

என்ன படிப்பது என்று இனி நான் வாய் திறக்க மாட்டேன். அவள் எழுந்து உட்கார்ந்தால் போதும். தாழ்ப்பாள் என் கருவிப் பையில்தான் கிடக்கிறது. அதை நானே திரும்ப மாட்டும் நாள் வர வேண்டும் என்று வேண்டிக்கொள் அக்கா.

உன் தம்பி