எனக்குச் சொன்னது நீ

ஜூன் 4, வியாழன்

காலையிலேயே ஒருவர் தன் கண்ணாடியைச் சட்டை நுனியால் தேய்த்துத் தேய்த்துக் கீறி எடுத்துவிட்டு, லென்ஸ் மட்டம் என்று எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்குச் சண்டைக்கு வந்தார். முதலாளி வழக்கம்போல உள்ளே போய் டீ குடித்தார். வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.

மதியம் போதகர் போன். அடுத்த வாரக் கடைசியில் மூன்று நாள் விசேஷக் கூட்டம். வெளிநாட்டுப் பிரசங்கியார் வருகிறார். "நீதாம்மா பக்கத்துல நிக்கணும். என் மருமகன் நின்னா ஜனங்க தூங்கிடுவாங்க."

அது உண்மைதான். இந்த வேலை எனக்கு நன்றாக வரும். அவர் தன் பாஷையில் ஒரு வாக்கியம், நான் அதையே தமிழில் ஒரு வாக்கியம். அவர் கத்தினால் நானும் கத்த வேண்டும். கையை நீட்டினால் நானும் நீட்ட வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, யோசிக்கவும் கூடாது. யோசித்தால் அடுத்த வாக்கியம் போய்விடும்.

முதலாளிக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. "உங்க ஆண்டவருக்கு எல்லா பாஷையும் தெரியும்னு சொல்ற. அப்புறம் நடுவுல நீ எதுக்கு?" என்றார். டீயைக் குடிங்க என்றேன்.

தங்கையும் வருகிறேன் என்றிருக்கிறாள். அவளுடைய ஒரே மகனை, எங்கள் வாண்டுவை, போன வருடம் அடக்கம் செய்தோம். ஆறு வயது. ரத்தத்தில் நோய். அதிலிருந்து அவள் சபைப் பக்கம் வரவில்லை. நான்தான் நச்சரித்தேன். "பிரசங்கம் எல்லாம் எனக்கு வேணாம்க்கா. உன் குரலைக் கேக்க வரேன்," என்றாள்.

ஜூன் 13, சனி

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு இதையும் மழுப்பிவிடுவேன்.

இரண்டாம் நாள் கூட்டம். தங்கை மூன்றாவது வரிசையில், ஓரமாக. பிரசங்கியார் வியாதிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஆரம்பித்தார். ஜெபம் தோற்பதில்லை என்றார். சொன்னேன். வீடுதான் தோற்கிறது என்றார். சொன்னேன். பிள்ளை பிழைக்கவில்லையா, அந்த வீட்டில் ஒரு தாய் மனதுக்குள் சந்தேகப்பட்டிருக்கிறாள் என்றார். கையை நீட்டினார்.

நானும் கையை நீட்டினேன்.

"ஒரு தாய் சந்தேகப்பட்டிருக்கிறாள்." நல்ல உரத்த குரலில். மைக் வேறு.

தங்கை கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து போனாள். கதவு வரைக்கும் பார்த்தேன். அதற்குள் அடுத்த வாக்கியம் வந்தது. அதையும் சொன்னேன்.

ஜூன் 14, ஞாயிறு

மூன்றாம் நாள் கூட்டத்துக்குப் போகவில்லை. மருமகன் நின்றிருப்பார். தூங்கட்டும்.

தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து, "அவ தூங்குறாக்கா," என்றார். பாவம், பொய் சொல்ல வராத மனிதர். உள்ளேயிருந்து குரல் வந்தது: "தூங்கல. பாக்க இஷ்டமில்லன்னு சொல்லுங்க."

வாசலிலேயே நின்று சொன்னேன். அது என் பேச்சில்லை, அந்த ஆள் பேசியது, நான் வெறுமனே...

அவள் எழுந்து வந்தாள். தலை சீவாமல், கண்ணாடி போடாமல். கத்தவில்லை.

"அந்த ஆளு பேசினது எனக்குப் புரியலக்கா. அந்த பாஷை எனக்குத் தெரியாது. எனக்குச் சொன்னது நீ."

கதவு மூடியது.

ஜூன் 16, செவ்வாய்

போதகர் கடைக்கே வந்துவிட்டார். கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஆறுதல் சொன்னார்.

"உன் வார்த்தை இல்லையேம்மா அது. தபால்காரர் மேல யாராச்சும் கோவப்படுவாங்களா?"

"தபால்காரர் கடிதத்தைப் பிரிச்சு, தெருவுல நின்னு கத்திப் படிக்க மாட்டாரு ஐயா."

அவருக்குப் பிடிக்கவில்லை. "பெரிய ஊழியக்காரர். ஏதோ ஒரு வேகத்துல சொல்லிட்டாரு. தங்கச்சிக்காக ஜெபிப்போம்."

அவள் ஜெபித்தாள் ஐயா. ஆஸ்பத்திரி வராந்தாவில், சிமெண்டுத் தரையில், முட்டி தேயும்வரை. பக்கத்தில் நான் இருந்தேன். நீங்கள் இரண்டு முறை வந்து பழம் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். எனக்கென்று வாய் இருப்பது இங்கே மட்டும்தான் போலிருக்கிறது.

ஜூன் 17, புதன்

ஜெபிக்கவில்லை.

ஜூன் 19, வெள்ளி

படிக்கும் கண்ணாடிக்கு வந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேடையில பேசினது நீங்கதானே? அப்படியே மனசுல பதிஞ்சிடுச்சும்மா. எங்க பேரனுக்கும் குணமாகவே மாட்டேங்குது. இப்பத்தானே புரியுது. மருமக நம்பிக்கையில்லாதவ. நேத்து நல்லாக் கேட்டுட்டேன் அவள."

எந்த வீட்டிலோ ஒரு பெண், நோயாளிப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நான் உரக்கச் சொன்னதைத் திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அது பொய்ம்மா," என்றேன்.

"என்னது?"

"பொய். நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். உங்க மருமககிட்ட போய் மன்னிப்புக் கேளுங்க."

அந்த அம்மா கண்ணாடி வாங்காமலே போய்விட்டார். முதலாளி எட்டிப் பார்த்து, "இப்படி ரெண்டு பேரைத் துரத்தினா நானும் உங்க சபையில வந்து உக்கார வேண்டியதுதான்," என்றார். பிறகு தன் டீயை என் பக்கம் தள்ளினார்.

'அது பொய்ம்மா.' அது என் வாக்கியம். யாரும் முதலில் சொல்லவில்லை.

ஜூன் 23, செவ்வாய்

ஜெபிக்கப் பார்த்தேன். கண்ணை மூடினால் ஒன்றும் வரவில்லை. ஏன் என்று வெகு நேரம் கழித்துத்தான் பிடிபட்டது: முதலில் யாராவது பேசட்டும் என்று காத்திருக்கிறேன். இத்தனை வருடம் விசுவாசி என்று திரிந்தேனே, யாருடைய விசுவாசம் அது?

ஜூன் 26, வெள்ளி

லென்ஸ் தேய்க்கும் அறையில் இயந்திரத்தை ஓடவிட்டுப் பேசினேன். சபையில் சொல்கிற 'நீர்', 'உமது' எதுவும் வாயில் வரவில்லை. 'நீ'தான் வந்தது.

நீயா அப்படிச் சொல்லச் சொன்ன? அவ சந்தேகப்பட்டதால எடுத்துக்கிட்டியா? அப்படின்னா நீ எனக்கு வேணாம். மருந்து கசக்குதுன்னு அந்தப் பிள்ளை அழுதப்ப நீ எங்க இருந்த? பதில் சொல்லு. இந்த ஆளுங்க எல்லாம் வாயை மூடட்டும், நீ சொல்லு.

பதில் வரவில்லை. ஆனால் இயந்திரத்தை நிறுத்தின பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நான் நம்பிய ஆண்டவர், வேதத்தில், செத்துப்போன சிநேகிதனின் கல்லறை முன்னால் நின்று அழுதவர். அங்கே யாரையும் பார்த்துக் கையை நீட்டவில்லை. இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டேதான் அன்றைக்கு மேடையில் நின்றேன்.

கோபம் குறையவில்லை. ஆனால் இப்போது அதை அவரிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 8, புதன்

பிரசங்கியார் திரும்பிப் போகிற வழியில் இந்த ஞாயிறும் பேசுகிறாராம். போதகர் கெஞ்சினார். "நான் நம்பாததைச் சொல்ல மாட்டேன் ஐயா," என்றேன். "அவரு என்ன நம்பாததையா பேசப் போறாரு," என்று சிரித்துவிட்டு போனை வைத்தார்.

எச்சரித்துவிட்டேன். இனி அவர் பாடு.

ஜூலை 12, ஞாயிறு

அரை மணி நேரம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு மறுபடியும் வந்தது: குணமாகாத வீடு, சந்தேகப்பட்ட தாய். கையை நீட்டினார்.

நான் நீட்டவில்லை. சபை காத்திருந்தது. அவரும் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

"இதை நான் சொல்ல மாட்டேன்," என்றேன் மைக்கில். "போன மாசம் இதே இடத்துல நின்னு சொன்னேன். அது பொய். என் தங்கச்சி பிள்ளை செத்துப்போனான். அவ சந்தேகப்பட்டதால இல்ல, வியாதியால. அவ ஜெபிச்சத நான் பாத்தேன். அவளைக் குத்தம் சொல்ற ஆண்டவரை எனக்குத் தெரியாது. அவளோட அழுத ஆண்டவரைத்தான் தெரியும். நான் அவரோட ஆளு. இவரோட ஆளு இல்ல."

பிரசங்கியார் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். தன் பேச்சுதான் இப்படி நீளமாகப் போகிறது என்று நினைத்திருக்க வேண்டும். நான் முடித்ததும் இரண்டு கையையும் உயர்த்தி, கூரை அதிர, "ஆமென்!" என்றார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரோ அழுதார்கள். போதகர் மேடையேறி வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார்.

ஜூலை 15, புதன்

இனி மருமகன்தான் நிற்பாராம். போனில் சொல்லக்கூடப் போதகருக்கு மனமில்லை. வேறு ஆளிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். அத்தனை வருடக் குரலுக்கு அவ்வளவுதான் மரியாதை. எரிகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போவேன். கீழே உட்காருவேன். அவர்கள் சொல்லி நான் அங்கே போகவில்லை.

ஜூலை 21, செவ்வாய்

கடை மூடுகிற நேரத்தில் தங்கை வந்தாள். நேராகப் போய்க் கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கண்ணாடி மாத்தணும். கண்ணு மங்குது."

லென்ஸை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டேன். இதுவா, அதுவா? சொன்னாள். முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"அந்த ஆளு நிஜமாவே ஆமென் சொன்னானா?"

"கூரை அதிர."

உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்துவிட்டாள். அப்புறம் நிறுத்த முடியாமல் அழுதாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எதாச்சும் ஜெபம் பண்ணுக்கா. நீயா பண்ணு."

கண்ணை மூடினேன். யாருக்கும் காத்திருக்கவில்லை. வாண்டு பெயரைச் சொன்னேன். எங்களுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்பதையும் சொன்னேன். முன்பக்கம் முதலாளி ரேடியோவை நிறுத்தியது கேட்டது.

தங்கை ஆமென் சொல்லவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, எந்த ஃப்ரேம் காட்டப் போற?" என்றாள்.